பட்ட காலிலே படும்: அந்த மூண்டு பிள்ளையளின்ர 13 புத்தகத்தையும் திரும்ப வாசிச்சாக்கள் ஆரும் இருக்கிறீங்களோ?

வீரைப்பழம்
வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் இருந்து எழுதுறன். 'எ சீரீஸ் ஒஃப் அன்ஃபோச்சுனேட் இவென்ட்ஸ்' எண்ட சிறுவர் கதைத் தொடரை வாசிச்சனீங்களோ? லெமனி ஸ்னிக்கெட் எண்ட புனைபேரில டானியல் ஹாண்ட்லர் எழுதினது. 1999 இல தொடங்கி 2006 இல முடிஞ்சுது. தாய் தேப்பன் வீடு எரிஞ்சு செத்துப்போக, வயலட், கிளவுஸ், சன்னி எண்ட மூண்டு சகோதரங்களும் வீடு வீடா மாறி அலையுதுகள். சொத்துக்காகக் கவுண்ட் ஒலாஃப் எண்டொரு நாடகக்காரன் வேஷம் மாத்தி மாத்திப் பின்னால திரியிறான். வாசிக்கேக்கை சிரிப்பு வரும். சிரிச்சு முடிய ஏன் சிரிச்சம் எண்டு ஒரு மாதிரி இருக்கும்.

நான் முதல் வாசிச்சது 2011 இல. ஊருக்குத் திரும்பி வந்த புதுசு, வயசு 13. பள்ளிக்கூடத்துக்கு வெளியிலயிருந்து ரெண்டு பெட்டி புத்தகம் வந்தது. ஒரு பெட்டி முழுக்க விண்டோஸ் 95 பழகிற புத்தகம். மற்றதுக்குள்ள இந்தத் தொடரில 3, 5, 8 மட்டும் கிடந்தது. முதல் பக்கத்தில எங்கயோ ஒரு நாட்டுப் பள்ளிக்கூட நூலகத்தின்ர முத்திரை, அதுக்கு மேல கழிச்சுவிட்டதெண்டு சிவப்பில இன்னொரு முத்திரை. நானும் தம்பியும் 8, 3, 5 எண்ட ஒழுங்கிலதான் வாசிச்சம். எப்பிடித் தொடங்கினது, எப்பிடி முடிஞ்சது ஒண்டும் தெரியாது. தம்பி தானே ஒரு முடிவு கட்டி வைச்சிருந்தவன். அதில ஒலாஃபை யானை மிதிக்கும்.

இப்ப ஒண்டுவிட்ட அண்ணா ஒருத்தர் கொழும்பில பழைய புத்தகக் கடையளில பொறுக்கி 13ஐயும் சேத்துத் தந்தவர். போன மாரியில இரணைமடு வான்கதவு திறந்த கிழமை வீட்டோட கிடந்து முதல் ஏழையும் முடிச்சன். சின்னனில எனக்கு ஒலாஃபைத்தான் பயம். இப்ப பிள்ளையளை வீடு வீடாக் கொண்டுபோய் விடுற பாங்குக்காரர் மிஸ்டர் போவைக் கண்டாத்தான் நெஞ்சு திக்கெண்டுது. அதைப் பிறகு வந்து எழுதுறன், அடுப்பில சோறு.

முறிகண்டிக்கச்சான்
அக்கா நான் புத்தகம் தொடாத ஆள். நெட்ஃபிளிக்ஸில 2017 இல தொடங்கி மூண்டு சீசனா வந்தது, 25 பாகமும் பாத்தனான். பஸ் ஓடிப்போட்டு வந்து இரவில ஒண்டு, பேந்து இன்னொண்டு எண்டு விடியும்.

மிஸ்டர் போவின்ர பேரைத் தமிழில எழுதிப் பாத்தனீங்களோ? போ! அந்தாளின்ர வேலையே அதுதானே. பாங்கில இருந்துகொண்டு லேஞ்சிக்குள்ள இருமி இருமி, பிள்ளையளைப் போ, அடுத்த வீட்டுக்குப் போ, அதுக்கடுத்த வீட்டுக்குப் போ.

அகராதி
கச்சான், பேர் எண்டு தொடங்கிட்டீர், இனி நான் விடமாட்டன். ரெண்டு வருஷத்துக்கு முதல் முதலாம் புத்தகத்தைத் தமிழாக்கிப் பாப்பம் எண்டு இருந்தனான். கடைசிப் பிள்ளையின்ர பேரிலேயே நிண்டுபோச்சு. 'சனி' எண்டு எழுதினா ஏழரை. 'சன்னி' எண்டு எழுதினா எங்கட அப்பம்மாவுக்கு அது வருத்தம், நாக்கைக் கடிச்சுக்கொண்டு பினாத்திறது. பிள்ளையோ நாலு பல்லை வைச்சு எல்லாரையும் கடிக்கிற குழந்தை! கடைசியில சன்னி எண்டே விட்டிட்டன்.

மற்றச் சிக்கல் மூண்டாம் புத்தகம். யோசஃபின் அன்ரி பிள்ளையளை விட்டிட்டுச் செத்துப்போறன் எண்டு எழுதிவைச்ச கடிதத்தில ஒரே பிழை. இலக்கணத்துக்காகவே உயிர் வாழுற மனுசி இவ்வளவு பிழை விடுவாவோ எண்டு கிளவுஸ் யோசிக்கிறான். பிழையளைத் திருத்தித் திருத்தி எழுத்தைக் கோத்தா அவ ஒளிச்சிருக்கிற குகையின்ர பேர் வருது. தமிழில செய்யிறதெண்டா குழம்பைக் குளம்பு எண்டும் பள்ளியைப் பல்லி எண்டும் எழுதவைக்க வேணும், திருத்தின எழுத்து சேந்து ஒரு பேர் வரவும் வேணும். ஆனா வாசிக்கிறவைக்கு அது இரகசியக் குறிப்பெண்டு பிடிபடாது. எங்கட பெடியளின்ர வாட்ஸ்அப்பைப் பாத்தா எல்லாருமே குகைக்குள்ளதான் ஒளிச்சிருக்கினம்.

ஸ்காபரோத்தம்பி
நான் கனடாவில பிறந்தவன், தமிழ் பிழை இருந்தா மன்னியுங்கோ. (ள, ல, ழ மூண்டும் எனக்கு ஒண்டுதான்.) எங்கட வகுப்பில எல்லாரும் இதை வாசிச்சவை. கடைசிப் புத்தகம் 2006 ஒக்டோபர் 13, வெள்ளிக்கிழமை வந்தது. ராசியில்லாத நாள் எண்டு வேணுமெண்டே அண்டைக்கு விட்டவை. 13 புத்தகம், ஒவ்வொண்டிலயும் 13 அதிகாரம்.

எங்களுக்கு அது பகிடி. இப்பிடி எங்கயாவது நடக்குமோ எண்டுதான் சிரிச்சனாங்கள். அந்த நேரம் வீட்டில அம்மா ரெலிபோனில வன்னியோட கதைச்சு அழுதுகொண்டிருப்பா. ரெண்டையும் நான் ஒருநாளும் சேத்து யோசிக்கேல்லை. வீரைப்பழம் அக்கா எழுதினதை வாசிச்ச பிறகுதான் யோசிக்கிறன்.

கணக்குவாத்தி
13 × 13 = 169 அதிகாரம். அவ்வளவும் துன்பம்.

பிள்ளைகளே, நான் நாப்பது வருஷம் படிப்பிச்ச ஆள். புதுக்குடியிருப்பில இருக்கிறன். குறை நினைக்க வேண்டாம், தாய் தகப்பனில்லாத பிள்ளைகளின் சீரழிவைப் பகிடியாக எழுதிப் பிள்ளைகளிட்டையே குடுக்கிறது எனக்குச் சரியாகப் படேல்லை. இஞ்சத்தைப் பிள்ளைகள் பட்டது காணும். அதுகளுக்கு நல்ல முடிவுள்ள கதை குடுங்கோ.

குஞ்சுப்பனை
சேர், மரியாதையோட ஒண்டு கேக்கிறன். அரிச்சந்திர மயான காண்டத்தில லோகிதாசனைப் பாம்பு கடிக்கேக்கை எங்களுக்கு எத்தினை வயசு? நடிகமணி வைரமுத்துவின்ர பாட்டைக் கசெற்றில போட்டுவிட்டு, பெத்த பிள்ளையை எரிக்கத் தாயிட்டையே காசு கேக்கிற கதையை வீடே இருந்து கேக்கும். நல்லதங்காள் ஏழு பிள்ளையளையும் கிணத்துக்குள்ள போட்ட கதையைச் சொல்லித்தான் அம்மம்மா எங்களுக்குச் சோறு தீத்தினவ. நாங்கள் வாயைத் திறந்துகொண்டு கேட்டம், சோறும் உள்ள போச்சுது.

நான் என்ர மகளுக்கு (ஒன்பது வயசு) மூண்டாம் புத்தகத்தை இரவில தமிழில சொல்லிச் சொல்லி வாசிக்கிறன். யோசஃபின் அன்ரிக்கு எல்லாத்துக்கும் பயம். அடுப்பு மூட்டினா நெருப்புப் பிடிக்கும், ரெலிபோனைத் தொட்டா கரண்ட் அடிக்கும், கதவுக் குமிழ் வெடிச்சுக் கண்ணில படும். அதால பிள்ளையளுக்குக் குளிர்ந்த கெக்கரிக்காய் சூப். மகள் விழுந்து விழுந்து சிரிச்சாள். பேந்து திடீரெண்டு, "அம்மா, இது எங்கட அம்மம்மாவெல்லோ?" எண்டு கேட்டாள்.

என்ர அம்மா இண்டைக்கும் ஹெலிச் சத்தம் கேட்டா முதல்ல அடுப்பில தண்ணி ஊத்துவா. சோறு அரைவேக்காடெண்டாலும் ஊத்துவா. ஏனெண்டா, புகை மேல தெரியுமாம். பேத்திக்கு அது பகிடி. அந்தப் புத்தகத்தில பிறகு புயல் வந்து வீடு வாவிக்குள்ள விழேக்கை அன்ரி பயந்தது ஒண்டொண்டா நடக்குது. அதுக்குப் பிறகு மகள் அம்மம்மாவின்ர அடுப்பைப் பற்றிப் பகிடி விடுறேல்லை. தானே போய்த் தண்ணிச் செம்பை எடுத்துக் குடுக்கிறாள். எனக்குத்தான் சோறு போகுது.

வீரைப்பழம்
குஞ்சுப்பனை அக்கா 😄

இனி என்ர கதை. இந்தப் புத்தகங்களை எங்களால வாசிக்க முடிஞ்சதுக்குக் காரணம் இருக்கு. எங்கட இங்கிலீசுக்கு உது எட்டாத நடை. ஆனா கதை சொல்லுறவர் ஒரு கஷ்டமான சொல் வந்தவுடன நிண்டு, இந்த இடத்தில இதுக்குப் பொருள் இது எண்டு தானே சொல்லிப்போட்டுத்தான் போவார். அகராதி தேவையில்லை. பிரச்சினை என்னெண்டா, அவர் சொல்லுற பொருள் பாதி நேரம் அந்தக் கதைக்கு மட்டும்தான் பொருந்தும். நான் அதை அப்பிடியே கொப்பியில எழுதிப் பாடமாக்கி, தவணைச் சோதினையில எழுதி, ரீச்சர் என்னை எழுப்பி, "இது ஆர் பிள்ளை உனக்குச் சொல்லித் தந்தது?" எண்டு கேட்டவ.

ஆனா அந்தப் பழக்கம் எங்களுக்குப் புதுசில்லை. சொல் ஒண்டு, இந்த இடத்தில அதுக்குப் பொருள் வேற. பாதுகாப்பு வலயம் எண்டினம், செல் விழும். 2009 சண்டையில இடம்பெயர்ந்த எங்களை வைச்சிருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு நலன்புரி நிலையம் எண்டு பேர், சுத்தவர முள்ளுக்கம்பி. உள்ளுக்குப் பகுதி பகுதியாப் பிரிச்சுக் கதிர்காமர், ஆனந்தகுமாரசாமி, இராமநாதன், அருணாசலம் எண்டு பேர் வைச்சவை. நாங்கள் இராமநாதன். அந்தப் பேரெல்லாம் நான் முதல் கண்டது முகாம் பலகையில. பிறகு வரலாற்றுப் பாடத்தில சேர் பொன்னம்பலம் இராமநாதன் எண்டு வரேக்கை, அந்தாள் தறப்பாள் கொட்டில் கட்டிக் குடுத்த ஆளெண்டு நினைச்சனான்.

அப்ப எங்களுக்கு ஸ்னிக்கெட் பகிடி விடுறார் எண்டே தெரியேல்லை. உள்ளதைச் சொல்லுறார் எண்டுதான் நினைச்சம்.

தறப்பாள்கொட்டில்
என்ர பேரைச் சொன்னபடியா வாறன். கனநாள் எழுதேல்லை.

நான் எட்டாம் புத்தகம் மட்டும் வாசிச்சனான், ஒருக்கா. திரும்பத் திறக்கமாட்டன். பாதி மட்டும் கட்டின ஆஸ்பத்திரி. அதுக்குள்ள வருத்தத்தோட போராடுற தொண்டர் எண்டொரு கூட்டம் கிற்றாரோட வருகுது. வருத்தக்காரர் என்ன கேட்டாலும் பாட்டுப் படிச்சு, இருதயம் மாதிரி ஒரு பலூனைக் குடுத்திட்டுப் போகினம். கெட்ட சேதி கேட்டா மனம் வாடிப்போகும் எண்டு பேப்பரும் வாசிக்கிறேல்லை.

ஆஸ்பத்திரிக் கதையை நான் எழுதேல்லை. 2009 இல புதுமாத்தளன் பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரியா இருந்தது. அங்க இருந்தவைக்குத் தெரியும். காணும்.

பலூன்காரரைச் சொல்லுறன். முகாமில எனக்கு 11 வயசு. தண்ணிப் பவுசருக்கு விடிய லைனில கானை வைச்சிட்டுக் காவல் நிக்கோணும், விட்டா இடம் போயிடும். ஒருநாள் வெள்ளை வாகனத்தில ஒரு கூட்டம் வந்தது. பாட்டுப் படிச்சு, கை தட்டச் சொல்லி, எங்கட முகத்தில பூனை மீசை கீறிவிட்டவை. நான் லைனை விட்டு வரமாட்டன் எண்டு நிண்டன். ஒரு அக்கா தானே தூரிகையோட வந்து லைனிலேயே வைச்சுக் கீறினா. கருப்பு மீசை ஆறு, மூக்கில சிவப்புப் புள்ளி. படமெடுத்தினம், போச்சினம். அண்டைக்குப் பவுசர் வரேல்லை. மீசையைக் கழுவத் தண்ணியில்லாமல் மூண்டு நாள் பூனையாத் திரிஞ்சனான். அம்மா சேலைத் தலைப்பால உரஞ்சி உரஞ்சிப் பாத்தவ, போகேல்லை.

அந்த அக்காவில எனக்குக் கோவம் இல்லை. வடிவாத்தான் கீறினவ.

எனக்கு விளங்காதது, அந்தப் புத்தகம் 2001 இல வந்தது. எங்கட மீசை அந்தாளுக்கு எப்பிடித் தெரியும்?

முறிகண்டிக்கச்சான்
மச்சான்...

சிரிச்சனான். மன்னிச்சுக்கொள்ளு.

தறப்பாள்கொட்டில்
சிரி. எழுதேக்கை நானும் சிரிச்சனான்.

வீரைப்பழம்
இப்ப மிஸ்டர் போ. நான் வேலை செய்யிறது பிள்ளையளின்ர அலுவல் பாக்கிற ஒரு கந்தோரில. எந்தக் கந்தோர் எண்டு கேக்காதேங்கோ.

ஐஞ்சாம் புத்தகத்தில மூண்டு பேரையும் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில சேர்ப்பினம். நல்ல விடுதி அறை இருக்கு, ஆனா அதுக்குப் பெற்றோர் இல்லாட்டிப் பாதுகாவலர் கையெழுத்து வைச்ச துண்டு வேணும். அதுகளுக்கு ஆர் கையெழுத்து வைக்கிறது? அதால நண்டு ஓடுற, பூஞ்சணம் ஒழுகிற ஒரு தகரக் கொட்டில். அதுக்குப் பேரே அநாதைக் கொட்டில். 13 வயசில வாசிக்கேக்கை நானும் தம்பியும் அந்த இடத்தை விட்டுத் தாண்டவே இல்லை. எங்கட அப்பா காணாமல் போனவர். படிவத்தில தகப்பன் பேருக்கு நேர இடம் இருக்கும். இறந்தவர் எண்டு எழுத அம்மா விடமாட்டா, இருக்கிறார் எண்டா கையெழுத்து எங்க எண்டு கேப்பினம்.

போன வருஷம் ஒரு பிள்ளை வந்தாள். நாங்கள் வாசிச்ச வயசுதான். தனக்கு வாற உதவிக்காசை மாமா எடுக்கிறார் எண்டு சொன்னாள். நான் எழுத்தில தாங்கோ எண்டன். அடுத்த கிழமை வடிவா எழுதிக்கொண்டு வந்தாள். முறைப்பாட்டுப் படிவத்தின்ர அடியில ஒரு கோடு இருக்கு, நான் அதில விரலை வைச்சுக் காட்டி, "இஞ்ச பாதுகாவலரின்ர கையெழுத்து வேணும்" எண்டன். பாதுகாவலர் அந்த மாமாதான். அவள் என்ர முகத்தைப் பாத்தாள். ஃபைல் தூசியில எனக்கு இருமலும் வந்தது. நாலரை பஸ்ஸுக்கு நேரமாகுது எண்டு மணிக்கூட்டையும் பாத்தன். மூண்டாம் தரம் வந்து வாசல்ல நிண்டிட்டுப் போனவளாம், பியோன் சொன்னவர்.

மிஸ்டர் போ கெட்டவர் இல்லை. பிள்ளையள் சொல்லுறதைக் கேக்காமலும் இல்லை, கேப்பார். வேஷத்தில வந்த ஒலாஃபை அதுகள் உடன பிடிச்சுக் குடுக்கும், இவர் ஒழுங்குமுறைப்படி பாப்பம் எண்டுவார். இடையில பதவி உயர்வும் கிடைக்குது, அநாதைப் பிள்ளையளின்ர அலுவலுக்குப் பொறுப்பான உப தலைவராம். நான் போன வருஷம்தான் நிரந்தரமானனான்.

முறிகண்டிக்கச்சான்
அக்கா, அந்தக் கோட்டைப் படிவத்திலயிருந்து எடுக்கேலாதோ?

வீரைப்பழம்
கேட்டனான் தம்பி. படிவத்தை மாத்துறதுக்கு ஒரு படிவம் இருக்காம்.

புத்தகம் முடிச்ச அடுத்த நாள் அந்தப் பிள்ளையின்ர வீட்டுக்குப் போனன். சின்னம்மா வீட்டுக்கு மாறிட்டாளாம். எந்த ஊரெண்டு மாமா சொல்லேல்லை. விதானையாரிட்டைச் சொல்லி வைச்சிருக்கிறன், பள்ளிக்கூட இடாப்பிலயும் தேடுறன். கிடைச்சா எழுதுறன்.

ஸ்காபரோத்தம்பி
எனக்குப் பிந்தின புத்தகங்கள்தான் பிடிக்கும். பன்னிரண்டாவதில பிள்ளையளே ஒரு ஹோட்டலுக்கு நெருப்பு வைப்பினம். உள்ளுக்கு ஆக்கள் இருக்கேக்கை. அப்ப நாங்களும் ஒலாஃப் மாதிரி வந்திட்டமோ எண்டு அதுகளுக்கே சந்தேகம். ஒரே சங்கத்தில இருந்தவை ரெண்டாப் பிரிஞ்சு, ஒரு பக்கம் நெருப்பு அணைக்கிறாக்கள், மறு பக்கம் மூட்டிறாக்கள். ஆர் எந்தப் பக்கம் எண்டு கடைசி மட்டும் தெளிவாச் சொல்லமாட்டார். அதைப் பற்றி இஞ்ச ஆரும் கதைக்கேல்லை?

அகராதி
தம்பி, அதைப் பற்றி வன்னியில ஆக்கள் பெயருள்ள இடத்தில கதைக்கிறதில்லை, புனைபேரிலயும் கதைக்கிறதில்லை. விடுங்கோ.

கணக்குவாத்தி
நான் முதல் எழுதினதைத் திரும்ப வாசிச்சன். வாசியாமல் தீர்ப்புச் சொன்னது பிழை. கணக்கில அப்பிடி எழுதினா நானே முட்டை போடுவன். வீரைப்பழம் பிள்ளை, உம்மட புத்தகங்களை இரவல் தரமுடியுமோ?

முறிகண்டிக்கச்சான்
சேர், நான் பரந்தன் – முல்லைத்தீவு றோட்டில ஓடுறனான். அக்கா பரந்தன் சந்தியில தந்தா உங்களுக்குச் சந்தையடியில இறக்கிவிடுறன். பாசலுக்குக் காசில்லை, கச்சான் ஒரு சரை தந்தாக் காணும்.

வீரைப்பழம்
நாலு நாலாத் தாறன் சேர். உறை போட்டிருக்கு, பக்கம் மடிக்காதேங்கோ 🙏

கணக்குவாத்தி
ஏழு கிழமைக்குப் பிறகு எழுதுறன். முழுக்க வாசிச்சாச்சு. கண் டொக்டரிட்டை ஒருக்காப் போயும் வந்தாச்சு.

எனக்குக் கிளவுசைத்தான் பிடிச்சுது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் தேடுறது புத்தக அலுமாரியை. நீதவான் அம்மாவின் சட்டப் புத்தகம், மொன்ரி மாமாவின் பாம்புப் புத்தகம், யோசஃபினின் இலக்கணப் புத்தகம். ஆபத்து வந்தால் அதுக்குள்ளதான் வழி இருக்கு. ஆனா கதை போகப் போகக் கட்டடம் எல்லாம் எரியுது. 1981 இல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்ச அடுத்த நாள் நான் சைக்கிளில போய்ப் பாத்தனான். 97,000 நூல் எண்டு பிறகுதான் கணக்குச் சொன்னவை. அண்டைக்கு என்ர சேட்டில வந்து ஒட்டின ஒரு துண்டுக் கடதாசியில 'தொடர்ச்சி' எண்ட சொல் மட்டும் எரியாமல் இருந்தது. எதின்ர தொடர்ச்சி எண்டு இண்டைக்கும் தெரியாது.

நல்ல முடிவு கேட்ட ஆள் நான். பதின்மூண்டாம் புத்தகம் முடியேக்கை ஒலாஃப் செத்துப்போறான், ஆனா எனக்குச் சந்தோஷம் வரேல்லை. பெரிய சூட்சுமம் ஒண்டும் அவிழேல்லை. பிள்ளைகள் ஒரு கைக்குழந்தையோட தீவில நிக்குதுகள், முடிஞ்சுது. 169 அதிகாரம் வாசிச்சவனுக்கு இவ்வளவுதானோ?

ஸ்காபரோத்தம்பி
சேர் 😀 அக்கா, நீங்கள் சொல்லுறீங்களோ, நான் சொல்லட்டோ?

வீரைப்பழம்
நான் சொல்லுறன். சேர், உங்கட கணக்குப் பிழை. 169 இல்லை, 170. கடைசிப் புத்தகத்தில பதின்மூண்டாம் அதிகாரம் முடிஞ்சு, எல்லாம் முடிஞ்ச மாதிரி இருக்கும். அதுக்கும் அங்கால பக்கத்தைப் பிரட்டிப் பாருங்கோ, பதினாலாம் அதிகாரம் தனிப் புத்தகம் மாதிரி ஒளிச்சுக்கிடக்கு. குழந்தைக்கு என்ன பேர் வைக்கினம், ஒவ்வொரு புத்தகத்தின்ர முதல் பக்கத்திலயும் வாற அந்தப் பொம்பிளைப் பேர் ஆற்றை எண்டு அதுக்குள்ளதான் இருக்கு.

கணக்குவாத்தி
பொறும். கண்ணாடி எடுத்துக்கொண்டு வாறன்.